ஸ்டெப்னிக்கு ஓர் இடம்

மாமனாரின் ஜீப்புக்கு டயர் ஐந்து. நான்கு ஓடின, ஐந்தாவது படுத்திருந்தது. முன்சீட்டின் முதுகிலிருந்து பின்கதவு வரைக்கும் இருந்த இடத்தைத் தனதாக்கிக்கொண்டு, விருந்துக்கு வந்துவிட்டுக் கிளம்ப மறந்த சம்பந்தி மாதிரி கிடந்தது. அதற்கு ஸ்டெப்னி என்று பெயர். வீட்டோடு வந்து தங்கிய மாப்பிள்ளைக்கும் தெருவில் சிலர் அதே பெயரை வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டெப்னியாவது ஒரு நாள் உதவும் என்று மாமனார் சொன்னதாகக் கேள்விப்பட்டபோதுதான் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளைக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. வீடு வீடாகப் போய், மூடியைத் திறந்து, சிலந்தியை விரட்டிவிட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். யார் வீட்டில் குழாய் ஒழுகுகிறது, யார் வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கேட்டால் சொல்லமாட்டார். வாயைத் திறக்காமல் இருப்பதற்குத்தான் பாதிச் சம்பளம் என்பது அவருடைய எண்ணம். இந்தக் குணம் மாமனார் வீட்டிலும் நன்றாகவே செல்லுபடியானது.

வீடு மேட்டில் இருந்தது. அதற்கும் மேலே கல்குவாரி. கீழே பாலம், பாலத்தைத் தாண்டினால் தார் ரோடு, டவுன், ஆஸ்பத்திரி. வீட்டுக்கும் பாலத்துக்கும் நடுவில் இருந்ததை ரோடு என்று சொல்வது பழக்க தோஷம். மழை பெய்தால் ஓடை, வெயிலடித்தால் கற்குவியல். மாமனார் அதில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஜீப் ஓட்டியவர். குவாரி ஆட்களை ஏற்றினார், சிமென்ட் மூட்டை ஏற்றினார், பிரசவ வலி கண்டவர்களை ஏற்றினார், ஒரு தடவை கன்றோடு ஒரு பசுவை ஏற்றினார். பயணத்தைப் பற்றிக் குறை சொல்லாமல் இறங்கியது அந்தப் பசு ஒன்றுதான் என்பார் மாமியார்.

குறை சொல்லாத இன்னொன்றும் இருந்தது. அது மாமனாரின் முதுகெலும்பு. எல்லாக் குலுக்கலையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு நாள் காலையில் பல் தேய்க்கக் குனிந்தவரை நிமிர விடவில்லை. இடுப்புக்குச் சற்று மேலே ஒரு எலும்பு நழுவி நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று டாக்டர் படம் பார்த்துச் சொன்னார். வாரா வாரம் வந்து ஊசி போட்டு, முதுகை இழுத்துக் கட்டிவைக்கும் இழுவைக் கட்டிலில் படுத்துப் போக வேண்டும். அதைவிட முக்கியம், வரும்போதும் போகும்போதும் வண்டியில் படுத்துக்கொண்டுதான் வர வேண்டும். அந்த ரோட்டில் உட்கார்ந்து வந்தால் ஊசி போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்.

மாமனார் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் தீர்ப்புச் சொன்னார்.

"படுத்துக்கிட்டு வண்டியில போறது ஒரே ஒரு தடவைதான், மாப்பிள்ளை. அதுக்கு நான் கூப்பிடாமலே ஆள் வரும்."

அடுத்த வாரம் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை ஓட்டினார். மாப்பிள்ளை வண்டி ஓட்டுவது மீட்டர் பார்ப்பது மாதிரி; ஒவ்வொரு கல்லிடமும் நின்று, குனிந்து, என்ன அளவு என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்த கல்லுக்குப் போவார். அப்படிப் போயும், பாலம் வருவதற்குள் மாமனாரின் உதடு வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இடது காலை எடுத்து வையுங்கள் என்றபோது, எடுத்து வைத்துவிட்டேனே என்றார். கால் வண்டிக்குள்ளேயே இருந்தது.

இழுவைக் கட்டிலில் கொஞ்ச நேரம் கிடந்த பிறகு காலுக்கு உணர்வு திரும்பியது. டாக்டர் மாமனாரை விட்டுவிட்டு மாப்பிள்ளையைத் திட்டினார். இன்னொரு தடவை இப்படி உட்கார வைத்துக் கூட்டி வந்தால் அந்தக் கால் நடக்காது, அதற்கப்புறம் என்னைக் குறை சொல்லாதே என்றார். மாப்பிள்ளை தலையாட்டினார். தலையாட்டுவதில் அவருக்கு நல்ல அனுபவம்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் இனி ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்று அறிவித்தார். போனாலும் வலி, போகாவிட்டாலும் வலி, டீசலாவது மிச்சம்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் அடுக்களையில் கூட்டம் கூடியது. மாமியார் கிழங்குத் தோல் உரித்தார். மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் லாரிகளுக்கும் ஜீப்புகளுக்கும் தார்ப்பாயும் சீட்டு உறையும் தைப்பவள். கோணி ஊசி பிடித்துப் பிடித்து அவள் விரலில் காய்த்திருந்தது, பேச்சிலும் கொஞ்சம் காய்த்திருந்தது. ஸ்டெப்னியை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போனால் பின்னால் படுக்க இடம் கிடைக்குமே என்று மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். உடுப்பை வீட்டில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போகலாமே என்று சொன்னவனைப் பார்ப்பது போல இருவரும் பார்த்தார்கள். அந்த ரோட்டில் ஸ்டெப்னி இல்லாமல் அந்த வண்டி நகர்ந்ததே கிடையாது.

"அப்ப ஸ்டெப்னியை வெளிய மாட்டணும்," என்றாள் மகள். "பின்னாடி ஒரு கேரியர் அடிக்கணும். ஆனா அப்பாவுக்கு இடம் பண்றோம்னு சொன்னா ஏற மாட்டார். வண்டிக்கு அழகு பண்றோம்னு சொல்லணும். நீங்க சொல்லுங்க."

"நானா? ஏன்?"

"நீங்க சொன்னாத்தான் சந்தேகம் வராது. உங்களுக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு அவருக்குத் தெரியும்."

இப்படியாக, அதுவரை எந்த ஆசையும் இல்லாதிருந்த மாப்பிள்ளைக்குக் காட்டுவழி வண்டிகளின் மேல் தீராத மோகம் பிறந்தது. சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்துப் படம் காட்டினார். மணல்மேட்டில் ஏறும் வண்டி, ஆற்றில் இறங்கும் வண்டி, எல்லாவற்றுக்கும் முதுகில் ஒரு டயர். நம் வண்டியையும் இப்படி ஆக்க வேண்டும் என்று வெகு நாளாக ஆசை என்றார். சொல்லிவிட்டு இன்னொரு கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மாமனார் படத்தையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காட்டுல யார் வீட்டு மீட்டரைப் பார்க்கப் போறீங்க, மாப்பிள்ளை?"

மாமியாருக்குச் சிரிப்பு வந்து, தண்ணீர் எடுக்கப் போவது போல எழுந்து போனார். மாமனார் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். பிறகு மகளிடம் சொன்னார்: "பண்ணிட்டுப் போகட்டும்மா. குடிக்கிறதில்ல, சீட்டாடுறதில்ல. ஒரு கெட்ட பழக்கமாவது இருந்தாத்தானே மனுஷன்."

தெருக்கோடியில் வெல்டிங் பட்டறை. பட்டறைக்காரரைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சோறு தின்பார், சண்டை போடுவார், அதோடேயே தூங்குவார் என்றும் சொல்வார்கள். வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதையும் டேப்பை மட்டும் வைத்து அளந்து முடிக்க மாட்டார். கதவு என்றால் கதவைத் தொங்கவிட்டு, ஏணி என்றால் ஆளை ஏற்றி, பாரம் இருக்கும்போதுதான் கடைசி அளவு எடுப்பார். பாரம் ஏற்றாமல் எடுக்கிற அளவு, சும்மா இருக்கிறவன் பேசுகிற வீரம் மாதிரி என்பது அவர் கட்சி. அதனால் அவரிடம் எந்த வேலையும் சொன்ன நாளில் முடியாது; முடிந்தது திரும்பியும் வராது.

டயரை அப்படியே பின்கதவில் மாட்டிவிடலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். கண்ணாடி பின்கதவைத் திறந்து ஒரு விரலால் ஆட்டிக் காட்டினார். பிஸ்கட் டின் மூடிபோல அது ஆடியது. இதில் டயரை மாட்டினால் முதல் பள்ளத்தில் டயரும், இரண்டாவது பள்ளத்தில் கதவும், மூன்றாவது பள்ளத்தில் என் பேரும் போய்விடும் என்றார். அவருடைய திட்டம் இது: பழைய பம்பரைக் கழற்றி, வண்டியின் அடியிலிருக்கும் சேஸிஸோடு சேர்த்து ஒரு தடித்த சட்டத்தையே பம்பராகப் பற்றவைத்து, அதன் ஒரு மூலையில் அச்சு நிறுத்தி, அந்த அச்சில் வாயிற்கதவு போலத் திறக்கும் ஒரு இரும்புக் கை. டயர் அந்தக் கையில் தொங்கும். கையை விலக்கினால்தான் கதவு திறக்கும். மூடும்போது கை ஒரு ரப்பர் கட்டையில் அழுந்தி நின்று, மறுபக்கம் கொக்கி விழும்.

மாமனார் தினமும் தடியை ஊன்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். உட்கார முடியாததால் தூணில் சாய்ந்து நின்றபடியே வேலை வாங்கினார். மாப்பிள்ளையின் பைத்தியத்தை எதிர்த்து வந்தவர், இரண்டு நாளில் அந்தப் பைத்தியத்துக்கே தலைவர் ஆனார். டயரை மாட்டினால் நம்பர் பிளேட் மறைந்துபோகும், அதை இடது பக்கம் தள்ளி, அதற்கு ஒரு சின்ன விளக்கும் வை என்றது அவர்தான். கை திறக்கும்போது காற்றடித்தால் திரும்பி வந்து ஆளை அடிக்கும், அதை நிறுத்த ஒரு கம்பி போடு என்றதும் அவர்தான். கண்ணாடி முதலில் எரிச்சல்பட்டார். அப்புறம் கம்பி போட்டார்.

மகளோ வேஷம் கலையாமல் இருக்க, ஒவ்வொரு சாயங்காலமும் மாப்பிள்ளையின் வாயில் ஒரு புது ஆசையை ஏற்றி அனுப்பினாள். டீசல் கேன் வைக்க ஒரு கூடு. ஜாக்கி வைக்க ஒரு தட்டு. பின்னால் பார்த்து எரியும் ஒரு விளக்கு. மண்வெட்டி மாட்ட இரண்டு பிடி.

"மண்வெட்டி எதுக்கு?" என்றார் கண்ணாடி.

"வண்டி மண்ணுல புதைஞ்சா தோண்ட," என்றார் மாமனார், மாப்பிள்ளைக்குப் பதிலாக. குரலில் பெருமைகூட இருந்தது.

கையைப் புள்ளி புள்ளியாக மட்டும் பற்றவைத்து, டயரை அதில் தொங்கவிட்டு, ஒரு நாள் முழுக்கச் சும்மா விட்டார் கண்ணாடி. மறுநாள் பார்த்தபோது கை ஒரு விரல் கனம் தாழ்ந்திருந்தது. அந்த ஒரு விரலைத் திருப்பி மேலே தூக்கி வைத்து அழுத்தமாகப் பற்றவைத்தார். அதன்பிறகு டயர் நேராக நின்றது. பம்பரில் ஏறிக் குதித்துப் பார்த்தார். ஒரு கிறீச் இல்லை.

வினை அங்கேதான் வந்தது. ஸ்டெப்னி வெளியே போன பின்தட்டை மாமனார் எட்டிப் பார்த்தார். பழைய டயரின் வட்டத்தில் துரு மட்டும் இருந்தது. மற்றபடி காலியாக, அகலமாக, வெளிச்சமாக இருந்தது.

"இவ்வளவு இடமா என் வண்டியில இருந்துச்சு," என்றார். தடியால் நீளத்தை அளந்தார். அகலத்தை அளந்தார். பிறகு கண்ணாடியைக் கூப்பிட்டு, இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, நடுவில் கால் வைக்க இடம் என்றார். குவாரி ஆட்கள் தாராளமாக உட்காரலாம். ஒரு டிரைவரைப் போட்டுவிட்டால் வண்டி சும்மா நிற்காது. மாப்பிள்ளையின் முதுகில் ஒரு தட்டும் தட்டினார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் தட்டிய முதல் தட்டு அது. மாப்பிள்ளையால் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ள முடியவில்லை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது என்றார் மாமியார் அடுக்களையில். ஏற்கெனவே ஒரு ஆஸ்பத்திரி வாரம் தவறியிருந்தது. அன்று காலை மாமனார் செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு செருப்பும் இருக்கிறதா என்று குனியாமல் எட்டிப் பார்த்ததை மகள் பார்த்திருந்தாள். இடது காலில் செருப்பு இருப்பது காலுக்குத் தெரியவில்லை. நாளைக்கு அடுத்த ஆஸ்பத்திரி நாள்.

"சொல்லிடுங்க," என்றாள் மகள்.

"நீ சொல்லேன்."

"நான் சொன்னா அழுதுடுவேன். அழுதா அவர் ஜெயிச்சிடுவார்."

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனபோது கண்ணாடி ஒரு பெஞ்சைப் புள்ளி வைத்து நிறுத்தியிருந்தார். மகள் கையில் சுருட்டிய மெத்தையோடு வந்தாள். தார்ப்பாய்த் துணியில் கனமாகப் பஞ்சு வைத்துத் தைத்தது. ஜாமான் ஆடாமல் இருக்க என்றாள். மாமனார் அதை அமுக்கிப் பார்த்து, என் கல்யாணத்துக்குக்கூட இப்படி ஒரு மெத்தை போடவில்லை, ஜாக்கிக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்றார்.

கண்ணாடி தன் வழக்கப்படி கடைசி அளவுக்கு ஆள் கேட்டார். யாராவது ஏறி உட்காருங்கள், பாரத்தோடு பெஞ்சுக்கால் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மாப்பிள்ளை காலைத் தூக்குவதற்குள் மாமனார் தடியைத் தூணில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறி, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி எல்லா வேலையிலும் செய்கிறபடி பம்பரில் ஏறி ஒரு குதி குதித்தார்.

மாமனாரின் முகம் சாம்பலாகிவிட்டது. இரண்டு கையும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தன. இடது செருப்பு கழன்று கீழே விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

கண்ணாடி இறங்கி நின்றார். மாப்பிள்ளை செருப்பை எடுத்தார். வாய் திறக்காமல் இருக்கத்தான் சம்பளம் என்பது வேலைக்குப் போன இடத்தில் சரி.

"மாமா, அந்த இடம் குவாரி ஆளுங்களுக்கு இல்ல. உங்களுக்கு. நீங்க படுத்துட்டுப் போகத்தான் ஸ்டெப்னியை வெளிய எடுத்தோம். எனக்கு இந்த வண்டி ஆசை, மண்வெட்டி ஆசை எதுவும் கிடையாது."

மாமனார் வண்டிக்குள்ளிருந்து பார்த்தார்.

"ஒரே ஒரு தடவைதான்னு சொன்னேனே, மாப்பிள்ளை."

"சொன்னீங்க. கால் போச்சுன்னா தினம் தினம் படுக்கணும், மாமா. வண்டியில இல்ல, வீட்டுல."

இவ்வளவு நீளமாக அவர் அந்தக் குடும்பத்தில் பேசியதில்லை. பேசி முடித்ததும், அதிகப்படியாக ஏதாவது சொல்லிவிட்டோமா என்று கையிலிருந்த செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் தரையைப் பார்த்தாள். கண்ணாடி நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். எதையும் பற்றவைக்கப் போகவில்லை, வேறு வழி தெரியவில்லை.

மாமனார் கண்ணாடியைத்தான் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, இந்தக் கை ஓடுறப்போ சத்தம் போடுமா?"

"என் வேலையில சத்தமா? என்னண்ணே பேசுறீங்க."

"நின்ன வண்டியில குதிச்சுப் பார்த்தா ஆச்சா? ரோட்டுல ஓட்டிப் பார்க்கணும். முன்னாடி உட்கார்ந்தா இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. பின்கதவுகிட்ட காது இருக்கணும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இந்தப் பெஞ்சைக் கழட்டு. நீ அந்த ஜாக்கி மெத்தையைப் போடும்மா. டவுன் வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டு வந்துடலாம்."

பெஞ்சு கழன்றது. மெத்தை விரிந்தது. மாமனார் கதவுப் பக்கம் தலை வைத்து, கால் நீட்டி, கேரியரைச் சோதிக்கும் அதிகாரியாகப் படுத்தார். கண்ணாடி இரும்புக் கையை மூடிக் கொக்கி போட்டார்.

வழியெல்லாம் பின்னாலிருந்து அறிக்கை வந்துகொண்டிருந்தது. வளைவில் சத்தம் இல்லை. பள்ளத்தில் சத்தம் இல்லை. ரப்பர் கட்டை நன்றாகப் பிடிக்கிறது. மாப்பிள்ளை மட்டும் கியரைத் தேங்காய் உடைப்பது போல மாற்றுகிறார். ஆஸ்பத்திரியில் வந்த காரியத்தை யாரும் விளக்கவில்லை; வந்ததே வந்தோம் என்று மாமனாரே ஊசிக்கு வரிசையில் நின்றார். இறங்கும்போது இரண்டு காலும் அவரோடு இறங்கின.

திரும்பி வருகையில், பாலத்துக்கு மேலே எங்கோ ஒரு இடத்தில், லேசாக ஒரு சத்தம் கேட்டது என்றார் மாமனார். எங்கே என்று பிடிபடவில்லை. அடுத்த வாரமும் படுத்துக் கேட்டால்தான் தெரியும். அடுத்த வாரமும் கேட்டது. ஆனால் அந்த வாரம் வீடு வந்து சேர்ந்ததும் அவர் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. அனேகமாக அந்தச் சத்தம் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பொய்யை எத்தனை வாரம் இழுப்பது என்று அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை நேரே பட்டறைக்குப் போனார். கேரியரில் ஒரு சத்தம் வர வேண்டும் என்றார்.

"எல்லாரும் சத்தத்தை எடுக்கத்தான் வருவாங்க."

"எனக்குப் போடணும்ண்ணே. பெரிசா வேணாம். ஆஸ்பத்திரி வரைக்கும் வர்ற மாதிரி."

கண்ணாடி வெகுவாகப் புண்பட்டுப்போனார். செய்த வேலையைக் கெடுத்துக்கொடு என்று அவரை இதுவரை யாரும் கேட்டதில்லை. நான் செய்ய மாட்டேன் என்றார். மண்வெட்டி மாட்டுகிற பிடியில் ஒரு போல்ட் இருக்கிறது, அது தளர்ந்தால் யாருக்கும் ஆபத்தில்லை, அதையும் நான் சொல்லவில்லை என்றார். பதிமூன்றாம் நம்பர் ஸ்பானரை மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போனார்.

மாப்பிள்ளைக்கு எவ்வளவு தளர்த்தினால் எவ்வளவு சத்தம் வரும் என்கிற கணக்குத் தெரியாது. பார்த்துப் பார்த்துத் தளர்த்தியும் கொஞ்சம் கைமீறிவிட்டது. அந்த வாரம் வண்டி கிளம்பியதிலிருந்து மண்வெட்டி தகரக் கடையை உருட்டிவிட்டது போல ஆடியது. கல்லுக்கு ஒரு அடி, பள்ளத்துக்கு இரண்டு அடி. தெருவில் நாய்கள் கூடவே ஓடி வந்தன. மகள் முன்சீட்டில் உட்கார்ந்து கணவனைப் பார்த்தாள். கணவன் ரோட்டை மட்டும் பார்த்தார். பின்னாலிருந்து எந்த அறிக்கையும் வரவில்லை. பாதி வழி வந்த பிறகுதான் குரல் வந்தது.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா. சத்தம் கேக்குதா?"

"வண்டியை ஓரங்கட்டி அதை முறுக்குங்க. மனுஷன் கொஞ்சம் கண்ணயர வேணாமா."

மாப்பிள்ளை ஓரங்கட்டினார். ஸ்பானர் சட்டைப் பையிலேயே இருந்தது. பின்னால் போய்ப் போல்ட்டை இறுக்கினார். இறுக்கிவிட்டு, ஆட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். வண்டியின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது மாமனார் ஒருக்களித்து, முழங்கையைத் தலைக்கு வைத்து, அதற்குள் தூங்கியிருந்தார். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து, முன்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, முதல் கியரை ரொம்ப மெதுவாகப் போட்டார்.